பிளேடு நிர்ணயப் படலம்

(திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய வீட்டுக் கூடம். தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், ஸ்நானம் முடித்து, ஜரிகை வேட்டி உடுத்து, நெற்றியில் திருநீறு துலங்க ஊஞ்சலில் அமர்ந்திருக்கிறார். சென்னையிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை, தோளில் துண்டும் முகத்தில் இரண்டு நாள் தாடியுமாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு தகரப்பெட்டியிலிருந்து சிறு சிறு காகிதப் பொட்டலங்களை எடுத்து, நவரத்தின வியாபாரியின் பரிவோடு வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம்; முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. இப்போது மணி ஏழே கால்.)

மாமனார்: மாப்பிள்ளை, அவசரப்படுத்துவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் வைத்த வெந்நீர் ஆறிப்போய், இரண்டாம் முறை சுடவைத்துக் கொண்டுவந்ததும் இப்போது ஆறிக்கொண்டிருக்கிறது என்று உங்கள் அத்தை உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

மாப்பிள்ளை: நான் என்ன செய்யட்டும், மாமா? பிளேடு இன்னும் நிர்ணயம் ஆகவில்லையே.

மாமனார்: பிளேடு இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தெருமுனைக் கடையில் வாங்கி வரச் செய்திருப்பேனே!

மாப்பிள்ளை: இல்லாமையால் வந்த சங்கடமாக இருந்தால் கடையிலே தீர்ந்துவிடும், இது இருப்பதனால் வந்த சங்கடம். இதோ இது ஜப்பான் தேசத்து ஃபெதர். வாள் வடிக்கும் கொல்லர்களுக்குப் பேர்போன செகி என்ற ஊரில் பிறந்த கம்பெனியின் பிளேடு. கூர்மையில் இதற்கு மேல் ஒன்றில்லை என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். இது துருக்கியின் டெர்பி, சாதுவான சுபாவம். பச்சை உறையில் இருப்பது ஆஸ்ட்ரா. இரண்டுக்கும் நடுவான குணம். அப்பால் நம் தேசத்து செவன் ஓ கிளாக், டோபாஸ், லேசர். இவ்வளவும் என் ரேஸரில் பொருந்தும் என்பதுதான் என் துர்ப்பாக்கியம். 1930-ஆம் ஆண்டில் கில்லெட் கம்பெனிக்கும் ஆட்டோஸ்ட்ராப் கம்பெனிக்கும் பிளேடின் வடிவத்தைப் பற்றிப் பேடண்ட் வழக்கு மூண்டு, கடைசியில் இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்துபோயின. நடுவில் நீண்ட துவாரம் வைத்த இந்த அமைப்பு அந்தக் காலத்தில் நிலைபெற்றதுதான்; அதற்குப் பிறகு எந்தத் தேசத்துப் பிளேடும் எந்தத் தேசத்து ரேஸரிலும் உட்காரும் என்றாகிவிட்டது.

மாமனார்: அவர்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டதில் நமக்கு வழக்கு வந்து சேர்ந்ததாக்கும்! எனக்கு இந்த உபத்திரவமே கிடையாது. கடைக்காரர் கையை நீட்டி எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுவே என் பிளேடு. சர்க்கார் அனுப்பிய நிப்பை, எழுதுமா எழுதாதா என்று ஒருநாளும் கேளாமல், எழுத வைத்த கை இது.

மாப்பிள்ளை: அந்தப் பிளேடைக் காலையில் குளியலறையில் தரிசித்தேன், மாமா. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருக்க வேண்டியது, உலர்ந்த சோப்பு ஏறி அட்டைக் கனம் ஆகியிருக்கிறது. நடுத் துவாரம் முக்கால்வாசி அடைபட்டு, வாயோரத்தில் தவிட்டு நிறப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

மாமனார்: மாற்றுவானேன்? கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் சற்றே தண்ணீர் தெளித்து, பிளேடை விரலால் வளைத்து அழுத்தி, இப்படியும் அப்படியுமாகத் தேய்த்தால் போன கூர்மை திரும்பி வந்து நிற்கிறது. என் தகப்பனார் செய்தார், நானும் செய்கிறேன்.

மாப்பிள்ளை: உங்கள் தகப்பனார் தேய்த்தது கார்பன் எஃகு. அது ஈரம் பட்டால் துருவேறும், ஓரிரு சவரத்தில் மழுங்கும். அந்தக் காலத்துக்குத் தம்ளர் நியாயமே. 1960-களின் தொடக்கத்தில், தலைமுறை தலைமுறையாகப் போர்வாள் செய்துவந்த வில்கின்ஸன் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் துருப்பிடிக்காத எஃகில் பிளேடு செய்து விற்கத் தொடங்கினார்கள். பிளேடின் சக்கரவர்த்தியாகிய கில்லெட்டே திகைத்துப்போய்ப் பின்னால் ஓடிவர நேர்ந்தது. இன்றைய பிளேடின் விளிம்பிலோ குரோமியம், பிளாட்டினம் முதலியவற்றின் மெல்லிய பூச்சும், அதற்கும் மேலே தோசைக்கல்லுக்குப் பூசுகிறார்களே அந்த டெஃப்ளானும் இருக்கின்றன. நீங்கள் தம்ளரில் தேய்க்கும்போது அந்தப் பூச்சைத்தான் முதலில் உரித்துப் போடுகிறீர்கள்.

மாமனார்: பிளாட்டினமா! என் மகள் கழுத்துக்குப் பொன் போட்டு முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிப்போயிற்று. நீங்கள் கன்னத்துக்குப் பிளாட்டினம் வழித்துச் சாக்கடையில் விடுகிறீர்கள். நல்ல சம்பந்தம்!

மாப்பிள்ளை: வழிப்பதோடு சரி, மாமா, சேமிக்க இடம் கொடுக்கும் வஸ்து அல்ல அது. பிறந்தபோதே எறிவதற்கென்று பிறந்தது. கிங் கேம்ப் கில்லெட் என்பவர், பாட்டில்களை மூடும் தகர மூடி செய்த வில்லியம் பெய்ண்டர் என்பவரின் கம்பெனியில் விற்பனையாளர். ஒரு தரம் உபயோகித்ததும் எறிந்துவிட்டு ஜனங்கள் மறுபடி வாங்க வரும்படியான ஒரு பொருளைக் கண்டுபிடி என்பது முதலாளியின் உபதேசம். அதைச் சிரமேற்கொண்டு ஆண்டுக்கணக்கில் யோசித்து, மெல்லிய எஃகுத் தகட்டைப் பதப்படுத்தும் வித்தையை நிக்கர்ஸன் என்ற இஞ்சினீயர் கைவரச் செய்த பிறகு, 1903-இல் கடை திறந்தார். அந்த ஆண்டில் விற்றவை 51 ரேஸர்கள், 168 பிளேடுகள். அடுத்த ஆண்டிலே ரேஸர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

மாமனார்: ஆக, ஒருவனிடம் ஒரு முறை பணம் வாங்குவதைவிட ஆயுள் முழுவதும் வாங்குவது உத்தமம் என்று கண்ட மகான். அவரையா உங்கள் குலகுருவாக வைத்துப் பூசிக்கிறீர்கள்?

மாப்பிள்ளை: வேடிக்கை அதில் இல்லை, மாமா. அதே மனிதர் அதற்கு முன்பு, 1894-இல், வியாபாரப் போட்டிதான் மனித குலத்தின் துன்பங்களுக்கெல்லாம் மூலம் என்றும், உற்பத்தி முழுவதையும் ஜனங்களுக்கே சொந்தமான ஒரே கம்பெனி ஏற்க வேண்டும் என்றும், அமெரிக்கர் பெரும்பாலோரும் நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தியால் இயங்கும் ஒரே மாபெரும் நகரத்தில் குடியேறிவிட வேண்டும் என்றும் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

மாமனார்: அந்த நகரம் எழுந்திருந்தால் எத்தனை விதப் பிளேடு கிடைத்திருக்கும்?

மாப்பிள்ளை: ஒரே விதம்.

மாமனார்: அப்படியானால் இந்நேரம் நாம் மண்டபத்தில் இருந்திருப்போம். ஒரு சந்தேகம், மாப்பிள்ளை. எஃகோ எஃகு, தாடியோ வெறும் மயிர். இதில் எஃகு மழுங்குவதாகச் சொல்வது, புதிது புதிதாக வாங்க வைப்பதற்குக் கம்பெனிக்காரன் கட்டிய கதைதானே?

மாப்பிள்ளை: கதை அல்ல. அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மயிர் பிளேடைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. இருந்தும், சாய்வாக வந்து மோதும் ஒரு மயிர், எஃகின் உள்ளமைப்பு ஒரு சீராக இல்லாத விளிம்பில் பட்டால், அங்கே துளித் துளியாகப் பிளேடு உடைகிறது. தேய்வதைவிட இப்படிச் சிதறுவதுதான் அதிகம் என்பது அவர்கள் முடிவு.

மாமனார்: எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று இங்கே பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்ததை அறிவதற்கு நுண்ணோக்கி வேண்டியிருந்ததாக்கும். இருக்கட்டும். இத்தனை வித்தியாசம் பாராட்டுவது ஆண்பிள்ளைக்கு அழகா என்பதுதான் என் கேள்வி.

மாப்பிள்ளை: நேற்று மாலை வெற்றிலை வந்தபோது ஒரு கவுளி முழுவதையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாய்ப் பின்புறம் திருப்பி, நரம்பைத் தடவி, இது ஆத்தூர் வெற்றிலையே அல்ல என்று தீர்ப்பளித்து, அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியவர் யார், மாமா?

மாமனார்: (சற்று மௌனமாக இருந்து) வெற்றிலை வாய்க்குள்ளே போகிற வஸ்து.

மாப்பிள்ளை: பிளேடு தொண்டைக்கு மேலே போகிற வஸ்து.

மாமனார்: சரி, உங்கள் கட்சியே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். அந்தத் தடித்த நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருக்கிறீர்களே, அது என்ன ஜாதகம்?

மாப்பிள்ளை: பிளேடுகளின் ஜாதகந்தான். கூர்மை, வழுவழுப்பு, ஆயுள், படிகாரம் தடவியபோது உண்டான எரிச்சல் என்று தனித்தனிக் கட்டம். முப்பது பாகை சாய்வில், ரேஸரின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடாமல், மயிர் படிந்த திசையில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் வழித்து, உடனுக்குடன் பதிவு செய்தவை.

மாமனார்: பதிவு இருக்கும்போது யோசனை எதற்கு? கட்டத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துப் போட வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: அங்கேதான் விபரீதம், மாமா. இந்தக் குறிப்புகள் யாவும் சென்னையில் எங்கள் போர்வெல் தண்ணீரில் எடுத்தவை. அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. திரிந்த பால்போல் நிற்கும். இங்கே வருவதோ தாமிரபரணித் தண்ணீர்! நேற்றுச் சோதனைக்காகப் பிரஷ்ஷை இரண்டு சுற்றுச் சுற்றினேன். நுரை கிண்ணத்தை மீறி முழங்கை வரை வந்துவிட்டது. இத்தகைய நுரையில் சென்னையில் கடூரமாயிருந்த ஃபெதர் இங்கே சாதுவாகிவிடலாம், அங்கே சாதுவாயிருந்த டெர்பி இங்கே வெட்டாமலே வழுக்கிப் போகலாம். நோட்டுப் புத்தகம் முழுவதும் செல்லாததாகிவிட்டது. எல்லாப் பரிசோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமனார்: இந்த முகூர்த்தத்துக்குள்ளேயா?

மாப்பிள்ளை: அதுதான் யோசிக்கிறேன்.

மாமனார்: நான் ஆபீஸில் இருந்த காலத்தில், முடிவு கூற வேண்டிய அதிகாரி முடிவு கூற அஞ்சினால், கூடுதல் விவரம் வேண்டும் என்று எழுதிக் கட்டைக் கீழே திருப்பி விடுவார். அதே காரியத்தை நீங்கள் உங்கள் முகத்திலேயே நடத்துகிறீர்கள். சவரக்கடைக்குப் போனால் அவர் பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுகிறார். கழுத்தை நிமிர்த்திக் காட்டுகிற எவனும் அதற்குக் குலம் கோத்திரம் கேட்பதில்லை.

மாப்பிள்ளை: நான் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் என் தாடியை இன்னும் இரண்டு நிமிஷம் தண்ணீர் தெளித்து ஊறவைத்துவிட்டு, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். மயிர் தண்ணீரில் ஊறினால் வெட்டுவதற்கு எளிதாகிவிடும் என்பது சாஸ்திரோக்தமான விஷயந்தான். வெந்நீர் ஒற்றி ஓரிரு நிமிஷம் விட்டால்...

மாமனார்: எந்த வெந்நீர்? அதோ ஆறிக்கொண்டிருக்கிறதே, அந்த வெந்நீரா?

(உள்ளேயிருந்து அத்தையின் குரல்: பட்டு ரவிக்கை பிடிக்கிறதாம், பக்கத் தையலைப் பிரிக்க உடனே ஒரு பிளேடு வேண்டுமாம்.)

மாமனார்: நல்லவேளை, இந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அந்த ஜப்பான் பிளேடில் ஒன்றைக் கொடுங்கள், மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: (பதறி) ஃபெதரா? பட்டுக்கா? மாமா, அது நூலோடு துணியையும் கொண்டுபோய்விடும். தையல் பிரிக்கச் சற்றே மழுங்கிய விளிம்பு உசிதம். ஆனால் மழுங்கினது இழுக்கும், இழுத்தால் பட்டு சுருங்கும். டெர்பி ஒருவேளை சரியாயிருக்கலாம். அத்தை பிரிக்கப்போவது மெஷின் தையலா, கைத்தையலா என்று மட்டும் தெரிந்தால்...

மாமனார்: (உள்ளே நோக்கி உரக்க) இந்தா, கேட்டாயா? உனக்கும் நிர்ணயம் ஆக வேண்டுமாம். நீ வேறு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கிளம்பு!