அங்குசத்துக்கு மட்டும் காசு

2015 நவம்பரில் பிரிட்டனில் ‘தி மேக்பை’ பத்திரிகையின் 40ஆம் இதழ், அட்டையில் ஒரு கணினியை ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. ராஸ்பெர்ரி பை ஜீரோ: அப்போது தனியே வாங்கினால் 5 டாலர், இதழோடு வாங்கினால் இலவசம். யானையைச் சும்மா கொடுத்தார்கள் என்பதில் பொய்யில்லை. அங்குசம்தான் கணக்கில் வரவில்லை. திரையில் படம் தெரிய மினி எச்டிஎம்ஐ மாற்றி வேண்டும். விசைப்பலகையைச் செருக ஓடிஜி கேபிள். கூடவே மவுஸும் வேண்டுமென்றால் யுஎஸ்பி ஹப். வைஃபை கிடையாது, அதற்கொரு டாங்கிள். இயங்குதளத்துக்கு மெமரி கார்டு, மின்சாரத்துக்கு அடாப்டர். நாற்பது பின்களுக்கும் வெறும் துளைகள்தான். பற்றவைப்பது பயனர் பாடு. இத்தனையும் சேர்ந்தால் கணினியின் விலை சில்லறைக் காசாகிவிடும்.

“இதெல்லாம் டெவலப்பர் வீட்டு மேசை இழுப்பறையிலேயே கிடக்குமே” என்பார்கள். நியாயம்தான், கிடக்கும். அப்படியானால், கணினி இல்லாதவருக்கும் எட்ட வேண்டும் என்று விலை குறைத்த பொருள், ஏற்கெனவே நாலு கணினி வைத்திருப்பவருக்கே உடனடியாகப் பயன்படுகிறது. அவரும் சளைத்தவரல்ல: 10,000 பிரதிகளும் மளமளவென்று தீர்ந்தன; ஈபேயில் அந்த இலவசம் பல மடங்கு விலைக்கு ஏலம் போனது.