எண்ணெய் உண்டு, குளியல் இல்லை

அடமாஸ், மிலோஸ் தீவு,
கிரீஸ்.
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

நம்ம குத்தாலத்து ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணி கொட்டுகிற வீடியோவை அனுப்பி வயித்தெரிச்சலைக் கிளப்பியாச்சு. போதாக்குறைக்கு, "சுத்தியும் கடலு, உனக்கு என்னடே குறை?" என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். குறையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்தச் சின்னத் தீவில் கடற்கரை மட்டும் எழுபதுக்கு மேல் இருக்கிறது. சனம் என்னவோ ஐயாயிரம் பேர்தான். ஓட்டல் சமையற்கட்டில் மத்தியானச் சோலி முடிந்ததும் ஏதாவது ஒரு கரைக்குப் போய்விடுவேன். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம், தண்ணி அவ்வளவு தெளிவு. ஆனால் குளிக்கத்தான் ஆளில்லை மாமா. பாதிப் பேர் கரையில் படுத்தே கிடக்கிறார்கள்.

போன வாரம் பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரர், உங்கள் வயசிருக்கும். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். அவர் மனைவி முதுகில் தேய்த்தார், அந்தம்மா இவர் முதுகில் தேய்த்தது. தோள்பட்டை, பிடரி, காது மடல், கால் விரலிடுக்கு என்று ஓர் இடம் விடவில்லை. பேரருவிப் பக்கம் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள் பார்த்தாலும் பெரிசாகக் குறை சொல்ல முடியாது. சரி, ஊறட்டும், பிறகு தண்ணிக்குப் போவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மல்லாக்கப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குப்புறப் படுத்தார். எழுந்து இன்னொரு தடவை தேய்த்தார். வெயில் சாய்ந்ததும் துண்டை உதறிக்கொண்டு காரில் ஏறிப் போயே விட்டார்! எண்ணெய் தேய்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றாமல் போகிற மனுசனை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? அது எண்ணெய் இல்லை, வெயிலில் தோல் வேகாமல் இருக்கப் பூசுகிற களிம்பு என்று கூட வேலை பார்க்கிற அல்பேனியப் பையன் விளக்கினான். வெயிலுக்குப் பயந்தவர் நிழலில் அல்லவா படுக்கணும் என்றேன். முழித்தான்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று தடுப்புக் கம்பி இங்கே கிடையாது. சில கரைகளில் உடுப்பும் கிடையாது. கடிதத்தை அத்தையும் படிப்பார்கள் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கடல் குளியலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாமாகப் போய் முங்கணும். உச்சந்தலையில் தொம்மென்று விழுந்து கழுத்துப் பிடிப்பை எடுத்துவிடுகிற சங்கதியெல்லாம் இல்லை. கரையேறினால் உடம்பெல்லாம் உப்பு, ரூமுக்குப் போய் மறுபடி குளிக்கணும். அந்தக் குழாய்த் தண்ணியும் கடல் தண்ணியில் உப்பை நீக்கி அனுப்புவதுதான், பார்த்துத்தான் திறக்கணும்.

காற்று மட்டும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கேயிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கிறது. நம்ம சாரலும் அதே மாசங்களில்தானே? விஷயம் இருக்கிறது மாமா. நம்ம தென்மேற்குப் பருவமழையை இழுக்கிற காற்றழுத்தத் தாழ்வு ஈரானைத் தாண்டித் துருக்கி வரை நீண்டு கிடக்கிறது. மெல்டெமியை இழுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். ஆக, அங்கே உங்களுக்குச் சாரல், இங்கே எனக்குக் கண்ணில் மண். ஒரு பொட்டுத் தூறல் கிடையாது. இது என்ன நியாயம்?

சரகினிகோ என்று ஓர் இடம். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பாறை, மணல் பேருக்குத்தான், ஆனாலும் கூட்டம் அங்கேதான். சிக்ராடோவுக்குப் பாறை இடுக்கில் கயிற்றைப் பிடித்து ஏணியில் இறங்கணும். செண்பகாதேவி அருவிக்கு ஏறின முழங்காலுக்கு அது ஒன்றுமில்லை. பலியோஹோரியில் எரிமலைச் சூட்டில் மணலே கொதிக்கிறது, அதில் சட்டியைப் புதைத்துக் கறி வேகவைத்துப் பரிமாறுகிறார்கள். ருசி பரவாயில்லை, காரம்தான் சுத்தமாக இல்லை. 1820-இல் இந்தத் தீவில் தோண்டியெடுத்த வீனஸ் சிலையைப் பாரீஸுக்குக் கொண்டுபோய் இரண்டு கையும் இல்லாமலே வைத்திருக்கிறார்கள். உடைந்து நின்ற நம்ம தென்காசிக் கோபுரத்தை 1990-இல் எடுத்துக் கட்டிக் கும்பாபிஷேகம் பண்ணினோமே, அந்த வழக்கம் இவர்களுக்கு இல்லை போலிருக்கிறது.

ஒரு குடை, இரண்டு சாய்வுப் படுக்கைக்கு ஒரு நாளைக்கு வாங்குகிற வாடகையில் நம்ம குடும்பமே பார்டர் கடையில் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு வரலாம். இத்தனைக்கும் சட்டப்படி கடற்கரை ஊர்ப்பொது. படுக்கை போட்டே கரையை அடைத்துவிட்டார்கள் என்று 2023-இல் பக்கத்துப் பாரோஸ் தீவுச் சனம் தோளில் துண்டோடு ஊர்வலம் போயிருக்கிறது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நமக்கு இது புதுசில்லை. மறுவருசமே அரசாங்கம் சட்டம் போட்டது: கரையில் 70 சதவீதம் காலியாக விடணும், படுக்கை தண்ணியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கணும். மீறினால் போனிலேயே புகார் கொடுக்க ஆப் இருக்கிறது.

இந்தப் படுக்கை வாடகையைப் போனில் சொன்னதிலிருந்து, குத்தாலத்திலும் சாய்வுப் படுக்கை போட்டு வாடகைக்கு விடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டாம் மாமா. குளிக்க வந்தவன் படுக்க மாட்டான். குரங்குதான் படுக்கும். அதனிடம் யார் வாடகை கேட்பது? அத்தை நகையை அடகு வைக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்