பெஞ்சில் உட்கார்ந்த தேர்வாளர்

செஞ்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு தேர்வுக்குழு கூடும். தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நாலைந்து பேர். சம்பளம் கிடையாது. படி, ஆளுக்கு ஒரு டீ, அதுவும் கணக்கில். இப்படி ஒரு குழு இயங்குவது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்குத் தெரியாது. அதனால்தான் இந்தியா தோற்கிறது என்பது தலைவரின் கருத்து.

தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பகலில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகளோடு இருப்பவர். ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்து ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆட்டக்காரனையும் அப்படித்தான். செல்போன் திரையில் ஒருவன் பந்தை ஒருமுறை நிறுத்தினால் போதும். பதரா மணியா என்று தீர்ப்பு வந்துவிடும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது பதினொருவர் பட்டியல் வெளியாகிறது அல்லவா, அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு ஆட்டம். பிறகு வரும் தொண்ணூறு நிமிடம், கல்யாணம் முடிந்த மண்டபத்தில் நாற்காலி அடுக்குகிற வேலை.

பட்டியலை அவர் மேலிருந்து படிப்பதில்லை. கீழே, மாற்று ஆட்டக்காரர்களிடமிருந்து தொடங்குவார். அங்கே இருபது வயதுப் பையன் பெயர் ஒன்று தட்டுப்பட்டதும் குரல் உயரும். "பாத்தியா, வெளிய உக்கார வெச்சிட்டானுங்க!" கேட்பவருக்கு வருத்தம் போலத் தோன்றும். முகத்தைப் பார்த்தால் தொலைந்த சாவி கிடைத்தவரின் முகம்.

2022-23 பருவம் அவருக்குத் திருவிழா. சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன், முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் வளர்ந்து, பெங்களூரு எஃப்.சி.யின் இளையோர் அணி வழியாக மேலே வந்தவர். 2022 செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பைக்கு எதிராகப் பத்தாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். பெங்களூரு 2-1 என வென்றது. "நம்ம பையன்" என்றார் தலைவர். கண்டனூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பிறகு விசாரித்துக்கொண்டார்.

அடுத்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியின் பிற்பகுதியில், அவர் வேண்டாமலே ஒரு வரம் கிடைத்தது. இந்திய அணியின் மூத்த வீரர் சுனில் சேத்ரி வெளியே உட்கார, சிவசக்தி முதல் பதினொன்றில் இறங்கினார். ஆறு கோல் போட்டு, அந்தப் பருவத்தின் வளரும் வீரர் விருதையும் வாங்கினார். "நான் சொன்னனா இல்லியா?" என்று தலைவர் மூன்று வாரம் எல்லாரையும் கேட்டார். நாலாவது வாரம் வழக்கம்போலப் பட்டியலின் அடியிலிருந்து படித்தார். அங்கே சேத்ரி பெயர் இருந்தது.

"சேத்ரிய உக்கார வெச்சிட்டு இன்னாடா ஆட்டம் இது?"

2023 மார்ச் 18, கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி அடிபட்டு வெளியேற, சேத்ரி உள்ளே வந்தார். பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். தலைவர் கேட்டது அப்படியே நடந்தது. ஆனால் பையன் வெளியே போய்விட்டானே! "அவன் மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டார். 2-2 என முடிந்த ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் ஏ.டி.கே. மோகன் பகான் கோப்பையைத் தூக்கியது. ஒரே ராத்திரியில் இருவருக்காகவும் வாதாடி, இருவர் வழக்கிலும் தோற்றவர் செஞ்சியில் இவர் ஒருவர்தான்.

2024 ஜூன் 6 அன்று சேத்ரி இந்திய அணியிலிருந்து விடைபெற்றபோது, பசங்களுக்கு வழிவிட்டார் என்று தலைவர் மெச்சினார். மறுவருடம் மார்ச்சில் சேத்ரி 40 வயதில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தன் 95-வது கோலைப் போட்டார். "ஏன், ஊர்ல பசங்களே இல்லியா?" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பாக்கி டீயைக் குடிக்க உடனே திரும்பியும் வந்தார்.

அவர் உண்மையிலேயே மனம் நொந்தது ஒருமுறைதான். இந்திய அணியின் அப்போதைய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், 2022 ஜூனில் ஆப்கானிஸ்தானோடு ஆடுவதற்கு முன் வீரர்கள் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார் என்று 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தி வெளியிட்டது. அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என வென்றிருந்தது. ஜாதகம் பார்த்ததில் தலைவருக்கு ஆட்சேபம் இல்லை. தன்னை விட்டுவிட்டு வெளியூர் ஆளிடம் கேட்டதுதான் தாங்கவில்லை.

தடுப்பாட்டம் என்று பேச்சு வந்தால் கை தானாக மேற்கே நீளும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் கோத்து, 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர்கானை வெளியே நிறுத்திய செஞ்சிக் கோட்டை. "இதாண்டா டிஃபென்ஸ்." 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தபோதுகூட, "லேட்டா எடுத்துக்கினானுங்க" என்றுதான் சொன்னார்.

அதே கோட்டையை ஆண்டு, 1714-ல் நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜாவுக்கு 22 வயதுதான் என்பார்கள். இன்றைக்கு இருந்தால் 23 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்ப்பார்கள். "அவர ஆரம்பத்துலயே எறக்கியிருக்கக் கூடாது, இல்லண்ணா?" என்று ஓர் உறுப்பினர் பணிவாகக் கேட்டார். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டாவது பாதியில எறக்கியிருக்கணும்."

ஸ்பெயின் லமீன் யமாலைப் பதினாறு வயதில் ஐரோப்பியக் கோப்பையில் இறக்கியதை இன்னொருவர் எடுத்துச் சொன்னபோது மட்டும் தலைவர் சுவாரசியம் காட்டவில்லை. "அதான் எறக்கிட்டாங்களே. அப்பறம் அவனப் பத்திப் பேச இன்னா இருக்குது?"

அந்த நேரம் பக்கத்துக் காலி மனையில் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் பந்து உருண்டு வந்து பெஞ்சுக் காலில் இடித்து நின்றது. "ண்ணா, பந்து!" என்றான் ஒருவன். தலைவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குழு மொத்தமும் தள்ளி நின்று இடம் விட்டது. இரண்டடி பின்னால் போய், ஓடி வந்து ஓங்கி உதைத்தார். இடது கால் செருப்பு போண்டாத் தட்டைத் தாண்டிப் பறந்தது. பந்து நின்ற இடத்திலேயே இருந்தது.

பையன் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். தலைவர் ஒற்றைக் காலில் நின்றபடி, செருப்பு போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத நேத்தே மாத்தியிருக்கணும்" என்றார்.