ஆடு மறிச்சிருச்சு

பத்து மணி ஆபீசுக்குப் பதினொன்றரைக்கு வருகிறவர் நம்ம சார். ஆனால் அவர் நுழைகிற தோரணையில், பத்துக்கே வந்து காத்திருக்கிற நமக்குத்தான் ஏதோ தப்புச் செய்துவிட்ட கூச்சம் வரும். கழுத்தைத் துடைப்பார், ஃபேனை ஐந்தில் வைப்பார், "இன்னிக்கு நடந்த கூத்தக் கேளுங்க" என்பார்.

மதுரையிலிருந்து வருகிறார். காரியாபட்டியில் பஞ்சர், அருப்புக்கோட்டையில் திருச்சுழி வண்டி கண்ணெதிரே கிளம்பிவிட்டது என்பதெல்லாம் சில்லறைக் காரணங்கள். முத்திரைக் காரணம் செம்மறிக் கிடை. அரைமணி தாமதமென்றால் இருநூறு ஆடு. ஒன்றரை மணியென்றால் ஐந்நூறு. கூடவே ஒரு கீதாரி, இரண்டு நாய். எந்தக் கிடையானாலும் ஒரு குட்டி மட்டும் பஸ்ஸுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வெளியே இழுக்கிற கட்டத்தை அவர் சொல்லக் கேட்டால், வந்த வேலை நமக்கே மறந்துபோகும்.

அம்மாவின் உதவித்தொகைக்காக ஐந்தாம் தடவை போனபோது நான் முணுமுணுத்தேன். ரமணரைச் சாட்சிக்கு இழுத்தார். 1879இல் இதே திருச்சுழியில் பிறந்தவர், 1896இல் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று மதுரை ஸ்டேஷனுக்குத் தாமதமாகத்தான் போனாராம். ரயிலும் தாமதம் என்பதால் பிடித்தாராம். வாஸ்தவம்தான். ஆனால் ரமணருக்காக அன்றைக்கு யாரும் ரேஷன் கார்டும் கையுமாக வெயிலில் நிற்கவில்லையே.

விரல்ரேகை மிஷின் வைத்தார்கள். இரண்டு வாரம் ஒழுங்காக வந்தார். பிறகு மிஷினுக்கே உடம்புக்கு முடியாமல் போய்விட்டது.

கடைசியில் அவரை மடக்கியது, மாதம் 1,200 ரூபாய் நின்றுபோன ஒரு பாட்டி.

"ஏய்யா, ஆடு எங்க மறிச்சது?"

"காரியாபட்டி தாண்டி, பாட்டி."

"அந்தப் பக்கம் மேய்க்கிறது எம் மகன்தான். உரத்துக்குக் கிடை போட நரிக்குடிப் பக்கம் பத்திட்டுப் போயி எட்டு நாளாச்சே?"

சார் பேசாமல் ஃபைலைத் திறந்தார்.

உட்கார்ந்துவிட்டால் தங்கமான மனுஷன். எழுதத் தெரியாத கிழவிகளுக்குத் தானே மனு எழுதுவார், டீக்காசுகூடத் தொடமாட்டார். திட்டவும் மனசு வராது, அதுதான் எரிச்சல். பாட்டி வேலையைக் கால்மணி நேரத்தில் முடித்தும் கொடுத்தார்.

பாட்டி ஊருக்கு பஸ் பதினொன்றேகாலுக்கு. அடுத்த பஸ் சாயங்காலம் நாலரைக்கு.