கழுத்துக்குக் கீழே மட்டும்

வடசென்னை கல்மண்டபத்துப் பெண்ணுக்கு அரசாங்கக் கணக்கில் உடம்பு இரண்டு துண்டு. கழுத்துக்குக் கீழே என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. கழுத்துக்கு மேலே என்றால் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. முன்னது 1880-ல் வந்தது. பின்னதன் வரலாறு 1794-ல் தொடங்குகிறது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே அரசின் சம்பளத்தில். நடுவில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் உண்டு. அங்கே போக யாராவது சீட்டு எழுத வேண்டும். சீட்டு எழுத, முதலில் யாராவது வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கேட்பதற்கா பஞ்சம்? பிள்ளைத்தாச்சியிடம் நாம் கேட்காத கேள்வியே இல்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, எடை, பிரஷர், ரத்தம் எத்தனை கிராம், ஆதார் நகல், வங்கிப் புத்தகம், பிக்மி கர்ப்பப் பதிவு எண். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வேண்டுமானால் கூடுதலாக நாலு கேள்வி. எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்கள். "ராத்திரி தூங்குனியாமா?" என்று கேட்கும் முறை வரும்போது ஓ.பி. நேரம் முடிந்துவிடுகிறது.

பிரசவமான மூன்றாம் நாள் ஒருத்தி அழுகிறாள். "கொயந்த நல்லா கீதுல்ல? அப்பால இன்னாத்துக்கு அழுவுற?" பக்கத்துக் கட்டில் பாட்டியின் தீர்ப்பு இது. பாவம், பாட்டி டாக்டருக்குப் படிக்கவில்லை. படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் நல்ல தமிழில். மூன்றாம் நாள் அழுகை பெரும்பாலும் தானாக நின்றுவிடும். வாரக்கணக்கில் நிற்காத அழுகை ஒன்று உண்டு. அது நோய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரி. நம் வார்டுகளில் இரண்டுக்கும் ஒரே மருந்து: அதட்டல். வீட்டுக்குப் போனால் இரண்டாவது மருந்து: மந்திரிப்பு.

பிரசவம் மட்டுமா? காசிமேட்டில் விடியும் முன்பே மீன் எடுக்கப் போகிறவள் வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, அசதி என்று வருகிறாள். மாத்திரை கொடுக்கிறோம். மறுபடி வருகிறாள். மறுபடி மாத்திரை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் வெள்ளைப்படுதல் குறை சொன்ன பெண்களை ஆராய்ந்தார்கள். கிருமியைவிட மனச்சோர்வுக்கும் வீட்டுச் சங்கடங்களுக்கும்தான் அந்தக் குறையோடு நெருக்கம் அதிகம் என்று கண்டு எழுதி இருபது வருடம் ஆகிவிட்டது. நாம் கிருமியை விடுவதாக இல்லை. கிருமி எதிர்த்துப் பேசாது. அவள் பேச ஆரம்பித்தால், குடிக்கிற புருஷனையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

சட்டம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பொது மருத்துவத்தின் எல்லா நிலைகளிலும் மனநல சேவையை இணைக்க வேண்டும் என்கிறது 18-வது பிரிவு. அருமையான பிரிவு. லேமினேட் செய்து மாட்டலாம். 14416 என்று டெலி மானஸ் உதவி எண் வேறு இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் போன் புருஷன் கையில், மாமியார் பக்கத்தில், வீடோ பத்துக்குப் பத்து. அவள் எங்கே நின்றுகொண்டு பேசுவாள்?

கருவி இல்லையா? இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள். 1987-ல் வந்தது. மொத்தம் பத்தே கேள்விகள். 2005-லேயே தமிழில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு நர்ஸ், ஒரு தாள், ஒரு பேனா, கொஞ்சம் நேரம். தேறாதவர்களை அனுப்ப ஒரு மனநல மருத்துவர்.

அங்கேதான் சிக்கல். இதில் டெண்டர் இல்லை. கமிஷன் இல்லை. ரிப்பன் வெட்ட ஒரு கட்டடமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. பேனாவுக்கு யார் திறப்பு விழா நடத்துவார்? பத்து கேள்விக்குப் பத்து கோடியில் ஒரு மெஷின் என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லட்டும். அடுத்த மாதமே வார்டுக்கு வார்டு வந்து இறங்கும். அதற்கடுத்த மாதம் ரிப்பேராகித் துணி போர்த்தி நிற்கும்.

இதற்கிடையே மேடைதோறும் மார்தட்டல். மகப்பேறு மரணத்தில் நாடு 97, தமிழ்நாடு 54. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைக்கு, 2018-20 கணக்கு. நல்ல எண்தான். பாடுபட்டவர்களுக்கு வணக்கம். ஆனால் அந்தக் கணக்கு 42 நாளில் கடையை மூடிவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு நாள்காட்டி தெரியாது; மாதக்கணக்கில் இழுக்கும். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நேரும் தற்கொலையை நேரடி மகப்பேறு மரணமாகவே எழுதுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் சொன்னது. எழுதினால் எண் ஏறும். ரத்தப்போக்கில் போனவளுக்கு விசாரணை, ஆய்வுக் கூட்டம், அதிகாரிக்கு மெமோ. மனசு தாங்காமல் போனவளுக்கு போலீஸ் ஸ்டேஷனில் நாலு வரி: "தீராத வயிற்று வலி".