ஃபீஸ் வாங்காத வக்கீல்

தொப்பூர் கணவாயில் கஞ்சா மூட்டை பிடிபட்டால் போட்டோ நிச்சயம்: நடுவில் மூட்டை, சுற்றிலும் காக்கி. 20 கிலோவைத் தாண்டினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குறைந்தது 10 ஆண்டு சிறை. எடை போடுவதில் குறையே இராது. எழுதுவதில்தான்.

மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் மூட்டையைவிடக் காகிதத்தைத்தான் துருவும். வீடு, குடோன் என்றால், கிடைத்த துப்பை அந்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி எழுதி வைத்தீர்களா? உடலைத் தடவும் முன், மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கலாம் என்று 50-ஆம் பிரிவின்படி சொன்னீர்களா? “அவனே ஒப்புக்கொண்டான் ஐயா” என்ற பழைய பதிலும் 2020-இல் போயிற்று. டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைத் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்றுவிட்டது உச்ச நீதிமன்றம்.

எலிகளும் கைகொடுக்கும். சென்னையில் பறிமுதலான 22 கிலோவில் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டதாகப் போலீஸ் சொல்ல, 2023-இல் இருவர் விடுதலை. மேல்முறையீட்டுச் செலவே மிச்சம்!

சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. அப்பாவியைக் காக்கப் போட்ட விதிகள் அவை. அவற்றின்படி எழுத மறந்த ஸ்டேஷன் ரைட்டர்தான் எதிரிக்குப் பாதி வழக்கை நடத்திக் கொடுக்கிறார். பாவம், ஃபீஸ் முழுவதும் வக்கீலுக்கே போகிறது.