அட்மிஷன் அண்ணன்

மே மாதத்தில் ப்ளஸ் டூ ரிசல்ட் காலையில் வந்தால், மத்தியானம் அவர் வந்துவிடுவார். குன்னம், வேப்பூர், அகரம்சீகூர் பக்கம் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறலாம், பைக் மாறலாம். கசங்காத சட்டையும் தோள்பையில் நாலு காலேஜ் நோட்டீசும் மாறாது. பிள்ளையின் மார்க், வீட்டில் வேறு யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா, மக்காச்சோளம் என்ன விலைக்குப் போனது எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார்.

அண்ணன் பொய் சொல்ல மாட்டார். அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. "நூறு சதவீதம் வேலைக்கு ஏற்பாடு" என்பார். கம்பெனிக்காரர் ஒருநாள் வந்து காபி குடித்துவிட்டுப் போனால் அதுவும் ஏற்பாடுதானே. வேலைக்கு உத்தரவாதம் என்று கோச்சிங் சென்டர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதி போட்டதை ஒரு வாத்தியார் எடுத்துச் சொன்னார். "சரியான நடவடிக்கை சார், அவனுங்க அநியாயம் பண்றானுங்க. நம்மளது காலேஜுல்ல" என்றார் அண்ணன்.

அரசாங்கப் பணத்தைக் காலேஜ் பணமாக்குவதில்தான் அவர் கைதேர்ந்தவர். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-இல் ஆரம்பித்தது; பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அண்ணன் வாயில் அது, "பாப்பா நம்ம காலேஜுக்கு வந்தா மாசாமாசம் ஆயிரம் அக்கவுண்ட்ல ஏறிரும்." ஏறும். வேப்பூர் அரசு மகளிர் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்வந்தாலும் ஏறும். யாராவது கேட்டால்தானே அவர் சொல்வதற்கு!

கவுன்சலிங் என்றால் மட்டும் அவருக்கு வயிற்றைக் கலக்கும். இன்ஜினியரிங்கில் முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்த வழியில் போனால்தான் கிடைக்கும். ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் அரசே கட்டுகிறது. அப்படிச் சேரும் பிள்ளைக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள்? "கவுன்சலிங்ல எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவான்னே தெரியாதும்மா. மேனேஜ்மென்ட்ல இன்னிக்கே போட்டுரலாம், ரெண்டே சீட்டுதான் இருக்கு." அந்த ரெண்டு சீட்டு ஜூலை வரைக்கும் ரெண்டாகவே இருக்கும்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அப்பாயி, பட்டறையைப் பிரித்துக் கொட்டிய விதை வெங்காயத்தில் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏந்தம்பி, புள்ளையச் சேத்துவுட்டா ஒனக்கு எவ்வளவு?" யாவாரிகளிடம் தரகுக் கணக்குக் கேட்டுப் பழகிய வாய்.

"ஒரு சேவைதான் அப்பாயி."

"சேவைக்கு எவ்வளவு?"

பொய் சொல்லாதவர் ஆயிற்றே, பேச்சை மாற்றினார். "ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் டிசியும் மட்டும் குடுங்க, சீட்டப் புடிச்சு வச்சிர்றேன்."

ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி சொல்லியிருக்கிறது. அப்பாயிக்கு யுஜிசியைத் தெரியாது. பத்திரத்தைக் கொடுத்துவிட்டு மீட்க அலைந்தவர்களைத் தெரியும்.

"அது பீரோவுல இருக்கு. சாவி எம்மவங்கிட்ட. அவன் திருச்சி போயிருக்கான்" என்றார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து, அடுத்த வெங்காயத்துக்குக் குனிந்தபோது கலகலவென்றது.

அண்ணன் ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.